பெட்டி பிரிக்காத பொருள்கள்: ரந்தாவ் தோட்ட இல்லங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

வாங்கி வைத்தும் எடுத்தாளாத கருவிகள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. மாவரைக்கும் கிரைண்டர், பழம் பிழியும் கருவி, ரொட்டி சுடும் அடுப்பு, தூசி உறிஞ்சும் கருவி என்று அப்பட்டியல் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ, கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயோ அவை ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. சங்கங்களும் வேலைநிறுத்தங்களும் பள்ளிகளின் தோற்றமும் ஆராயப்படும் இவ்வுரை வரிசையில் இத்தகைய பொருள்களுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. பயன்படாத பொருளை மனிதர் வாங்குவது பகட்டுக்காகவே என்பது அது. அமெரிக்கப் பொருளியலறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899ஆம் ஆண்டு வெளியிட்ட ஓய்வு வர்க்கம் பற்றிய நூலில், பிறர் கண்ணுக்காகச் செய்யப்படும் செலவை விரிவாக ஆராய்ந்தார். செல்வர்களின் மாளிகைகளைக் கண்டு அவர் எழுதியதைத் தோட்டத்து லயங்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில் எவருக்கு என்ன சம்பளம், எவருக்கு எவ்வளவு கடன் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அங்கே பகட்டினால் எவரையும் நெடுநாள் மயக்க இயலாது. ஆகவே, வேறு காரணங்களைத் தேட வேண்டியவர்களாகிறோம்.

தோட்டமும் லயமும்

ரந்தாவ் சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த சிற்றூர். அதைச் சூழ்ந்த தோட்டங்களுள் லின்சம் பழமையானது. தாமஸ் ஹெஸ்லப் ஹில் என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரரோடு தொடர்புடைய அத்தோட்டம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி பயிரிட்ட தோட்டங்களுள் ஒன்று. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டபோது, இவ்வட்டாரத்தின் விளைபொருள் துறைமுகத்தை எளிதாக அடைய வழி பிறந்தது. காப்பி வீழ்ந்து ரப்பர் எழுந்தது. பின்னர் ரப்பர் தளர்ந்து செம்பனை வந்தது. பயிர்கள் மாறினும் ஒன்று மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. தொழிலாளி குடியிருந்த வீடு தொழிலாளியுடையதன்று என்பதே அது.

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் உடைமை. வேலை உள்ளவரை வீடு உண்டு; வேலை போனால் வீடும் போகும். பணி ஓய்வு பெற்றவரும், பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை செய்தாலன்றி, வெளியேற வேண்டியவரே. இந்த நிலையாமை 1950களில் மேலும் கூர்மையடைந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். உங்கு அசீஸ் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை 1951 முதல் 1960 வரையில் நாடெங்கும் நிகழ்ந்த துண்டாடலைப் பதிவு செய்துள்ளது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்நெருக்கடியின் விளைவே.

சுவரும் கூரையும் நிலமும் பிறருடையவையாக இருக்கையில் குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? தூக்கிச் செல்லத்தக்க பொருள்கள் இருந்தன. தாலியும் நகையும் முதலாவது. பித்தளை, எவர்சில்வர்ப் பாத்திரங்கள் அடுத்தது. தையல் இயந்திரம், வானொலி, தொலைக்காட்சி, அரைக்கும் இயந்திரம் ஆகியவை பின்னர் வந்தவை. வீடு வாங்க இயலாதவர் வீட்டுக்குரிய பொருள்களை வாங்கினர். என்றேனும் ஒருநாள் அமையவிருந்த வீட்டின் உறுப்புகளை அவர்கள் ஒன்றொன்றாகச் சேர்த்துவைத்தனர் என்று கூறுவது பொருந்தும். அவ்வீடு அமையும் வரை அப்பொருள்களுட் பல காத்திருந்தன. பயன்படாமைக்கு முதற்காரணம் இக்காத்திருப்பேயாகும்.

தவணையும் சீட்டும்

நாட்கூலியில் வாழ்ந்தவர்க்கு இப்பொருள்கள் எவ்வாறு கிட்டின? தவணை முறை புதியதன்று. சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் அமெரிக்காவில் 1850களிலேயே சிறு தொகைகளாகப் பணம் பெற்று இயந்திரம் விற்கத் தொடங்கியது; உலகெங்கும் ஏழை இல்லங்களுக்குள் இயந்திரம் நுழைந்த வாயில் அதுவே. மலேசியாவில் இவ்வாணிகத்தை ஒழுங்குபடுத்த 1967இல் தவணைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, தொடர்ந்து இரு தவணைகள் தவறினால், 21 நாள் அறிவிப்புக்குப் பின் விற்றவர் பொருளை மீட்டுக்கொள்ளலாம்.

இதன் பொருளைப் பால்மரக் காட்டில் நின்று எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி குறையும். ரப்பர் விலை சரிந்தாலும் அவ்வாறே. கடைசித் தவணை கட்டி முடியும் வரை பொருள் சட்டத்தின் கண்ணில் விற்றவருடையது. வீடு நிர்வாகத்தினுடையது, வீட்டுக்குள் இருக்கும் இயந்திரமோ கடைக்காரருடையது. இந்நிலையில், பொருளின் மேலிட்ட உறையைக் கழற்றாமலும் கீறல் விழாமலும் காத்தவர்களை அறியாதவர்கள் என்று நகைப்பது தகாது. முழு உரிமை வராத பொருளைப் பேணும் முறை அது.

சீட்டு இரண்டாவது வழி. பத்துப் பதினைந்து பெண்கள் கூடி மாதந்தோறும் ஒரு தொகையிட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்வது வழக்கம். ஏமாற்றும் இழப்பும் பெருகியமையால் 1971இல் இம்முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. மொழி மாணவர்கள் இச்சட்டத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். அதன் பெயரில் நிற்பது 'கூட்டு' என்னும் சொல். அதன் விளக்கப் பகுதியில் 'சீட்டு' என்னும் சொல்லும் இடம்பெற்றுள்ளது. வீட்டுப் பெண்களின் வரவுசெலவுச் சொற்கள் நாட்டின் சட்ட ஏட்டில் ஏறிய அரிய நிகழ்ச்சி அது. ஏறிய இடம் ஒரு தடைச்சட்டம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மின்சாரம் வந்த நேரம்

பொருள் வந்தாயிற்று, மின்சாரம் வந்ததா? மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. நகரங்களுக்குக் கம்பி சென்ற காலத்தில் பல தோட்டங்கள் தம் சொந்த டீசல் இயந்திரத்தையே நம்பியிருந்தன. அவ்வியந்திரம் மாலையில் சில மணி நேரம் ஓடும். குறித்த நேரத்தில் நிறுத்தப்படும். பின்னர் மண்ணெண்ணெய் விளக்கு.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஓர் இஸ்திரிப் பெட்டி 1000 வாட் இழுத்தால், அது 40 வாட் விளக்குகள் 25 எரிவதற்குரிய மின்சாரம். விளக்குக்கென அளவிட்டு அமைத்த சிறு இயந்திரம், லயம் முழுவதும் ஒரே வேளையில் இஸ்திரிப் பெட்டியையும் அரைக்கும் இயந்திரத்தையும் இயக்கினால் தாங்காது. ஆகவே மின்சார இஸ்திரிப் பெட்டி அலமாரியில் இருக்க, தேங்காய்ச் சிரட்டைக் கரியிட்ட பழைய பெட்டியே சட்டைகளைத் தேய்த்தது. 1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய பின், மின்சாரம் போதாத இடங்களில் கார் பேட்டரியைக் கொண்டு பெட்டியை இயக்கியோரும் உண்டு. விரும்பிய கருவிக்கு மக்கள் எவ்வாறேனும் வழி கண்டனர் என்பதற்கு இது சான்று.

தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்த தரத்தை வரையறுத்த சட்டம் 1966இல் வந்தது. அதன் இடத்தில் 1990இல் இயற்றப்பட்ட 446ஆம் சட்டம், குழாய்நீரும் போதிய மின்சாரமும் அளிப்பது முதலாளியின் கடமை என்று கூறியது. கருவிகள் பல ஆண்டு முன்னரே வந்திருந்தன. அவற்றை ஓட்டுவதற்குரிய உரிமை பின்னர் வந்தது. இவ்விடைவெளியில்தான் பெட்டி பிரிக்காத பொருள்கள் பெருகின.

இது ரந்தாவுக்கு மட்டும் உரிய கதையன்று. தமிழ்நாட்டரசு 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும், 2011 செப்டம்பர் 15ஆம் நாள் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அம்மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்தது. கருவி இருந்தும் மின்சாரம் இல்லாத வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லுமே மீண்டும் கைகொடுத்தன. கடல்கடந்த இரு நிலங்களில், வெவ்வேறு காலங்களில், ஒரே காட்சி.

கல்லும் பொறியும்

எல்லாக் கருவிகளுள்ளும் தமிழர் இல்லத்தோடு நெருங்கியது அரைக்கும் இயந்திரமே. ஆட்டுக்கல்லின் வேலையை மின்விசைக்கு மாற்றும் முயற்சியில் 1955இல் கோயம்புத்தூரில் ப. சபாபதி வெற்றி கண்டார். அந்நகரைச் சூழ்ந்து ஒரு தொழிலே வளர்ந்தது. கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. கல்லால் கல்லை அரைக்கும் பழைய முறையை விடாமல் அதைச் சுழற்றும் கையை மட்டும் மாற்றியமையே இக்கருவியின் சிறப்பு.

இந்தியப் பயணம் சென்ற மலேசியத் தமிழர் இதனைச் சுமந்து வந்தனர். இருநாட்டிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் இயந்திரம் இங்கும் ஓடும். ஆயினும் இந்தியச் செருகியின் முட்கள் உருண்டையானவை. மலேசியாவில் இன்று பரவலாக உள்ள துளைகள் தட்டை முட்களுக்கு உரியவை. செருகியை மாற்றிக்கொள்வது கடினமன்று. ஆனால் மாற்றித் தருபவர் வரும் வரை காத்திருந்த கருவி, அதற்குள் மறக்கப்படுவதும் உண்டு. கல்லின் கனமும் ஒரு தடை. கீழறையிலிருந்து எடுத்து, கழுவி, அரைத்து, மீண்டும் கழுவி வைப்பதற்குள், அரைத்த நேரத்தைவிட ஆயத்த நேரம் மிகுந்துவிடும்.

நேரம் யாருடையது?

இங்கே வீட்டுப் பெண்ணின் ஒரு நாளைக் கணக்கிட வேண்டும். இருள் பிரியும் முன் எழுந்து, உலை வைத்து, குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, பால் நிறுத்து வீடு திரும்பும்போது நண்பகல் கடந்திருக்கும். துவைத்தல், விறகு, நீர், சமையல் ஆகியவை அதன் பின். இயந்திரம் ஓடும் மாலை நேரத்தில் அவள் உடல் ஓய்வை நாடியது. புதிய கருவியைப் பழகுவதற்கும் நேரம் வேண்டும். அந்நேரம் அவள் கணக்கில் இல்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலொன்றில், வீட்டுக் கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் உழைப்பு நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்று நிறுவினார். ஆடவரும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைக் கருவி குறைத்தது. பெண்ணின் வேலைக்குரிய தரம் உயர்ந்து, அவள் பங்கு நிலைத்தது என்பது அவர் கருத்து. அவர் கண்ட வீடுகளில் கருவி ஓடியது. உழைப்பு மட்டும் குறையவில்லை. லயத்தில் கருவி ஓடவே நேரம் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: கருவியை வாங்குவதனால் மட்டும் எவருக்கும் நேரம் கிடைத்துவிடாது.

தோட்டங்கள் சுருங்கிய பின் காட்சி மாறியது, பயன்படாமை மாறவில்லை. சென்டாயான் போன்ற இடங்களில் தோட்ட நிலம் நகரியங்களாயிற்று. குடும்பங்கள் அடுக்குவீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தன. இப்போது நாள் முழுதும் மின்சாரம் உண்டு. சுவர்தோறும் செருகுதுளை உண்டு. ஆனால் மகள் செனாவாங் தொழிற்பேட்டையில் முறைப்பணிக்குச் செல்கிறாள். குடும்பமும் சிறுத்தது. நால்வர்க்கு இட்லி மாவு வேண்டுமாயின் கடையில் அரைத்த மாவு கிடைக்கிறது. தாய் நாள்பட உழைத்துச் சேர்த்த கிரைண்டரை ஓட்டுவதற்குரிய மின்சாரம் வந்த தலைமுறையில், அதை ஓட்டுவதற்குரிய தேவையே குறைந்துவிட்டது.

இதற்கு மாறான சான்றும் கூறத்தக்கது. ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955இல் தானியங்கிச் சோற்றுக் கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. கோவையில் கிரைண்டர் பிறந்த அதே ஆண்டு. சோற்றுக் கலம் மலேசிய இல்லங்களில் ஓய்வின்றி உழைக்கிறது. நாள்தோறும் செய்யும் வேலை, சிறிய எடை, நிற்கும் இடத்திலேயே ஓடும் தன்மை, கண்காணிப்புத் தேவையின்மை ஆகிய நான்கும் அதனிடம் உண்டு. கருவியின் நலம் மட்டும் அதன் பயனை முடிவு செய்வதில்லை. வீட்டின் நாளோடு அது பொருந்துவதே முடிவு செய்கிறது.

அரிதும் வீணும்

அரிதாகப் பயன்படுவது வேறு, வீணாவது வேறு. முறுக்கு அச்சைத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மட்டுமே எடுப்போர் பலர். எஞ்சிய நாள்களில் அது பேசாமல் கிடக்கும். அதை எவரும் வீண்பொருள் என்பதில்லை. திருமணத்தில் மணமகள் கால்வைக்கும் அம்மி, அடுக்களையில் வேலை இழந்த பின்னும் மணவறையில் வேலை இழக்கவில்லை. ஆண்டுக்கொரு முறையும் வாழ்நாளுக்கொரு முறையும் வரும் வேலைக்கு நம் மரபு இடம் வைத்திருக்கிறது.

மின்கருவிக்கு அவ்விடம் கிட்டவில்லை. அதற்குச் சடங்கில் பங்கு இல்லை. நாள்காட்டியில் நாள் இல்லை. பழுதானால் கொல்லனோ கல்தச்சனோ செப்பனிட இயலாது. ஆட்டுக்கல் தேய்ந்தால் கொத்திக் கூராக்கலாம். மின்சுருள் எரிந்தால் பெரும்பாலும் எறிந்துவிடுகிறோம். எனவே கிடந்த கல் மரபுப் பொருளாகிறது. கிடந்த இயந்திரம் குப்பையாகிறது. இவ்வேறுபாட்டை வாங்குமுன் எண்ணுதல் நன்று. தவணைப் பணம் பல வேளைகளில் பிள்ளையின் காலணியிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டது. காத்திருப்பின் பெருமையைப் பேசும் நாம் அவ்விலையை மறைத்தல் முறையன்று.

வினை பெறாத பெயர்கள்

மொழி மன்றத்தின் உரையாதலின் சொல்லைப் பற்றியும் கூறுவோம். பயன்பட்ட கருவி நம் மொழியில் வினைச்சொல்லைப் பெறும். அம்மியில் அரைத்தோம், உரலில் இடித்தோம், ஆட்டுக்கல்லில் ஆட்டினோம். கிரைண்டர் வந்த பின்னும் 'மாவாட்டுதல்' நிலைத்தது. பழைய வினை புதிய பொறிக்கு இறங்கியது. மிக்சி வந்தபோது 'அடித்தல்' என்னும் வினை புதுப்பொருள் பெற்றது. சட்டினியை மிக்சியில் அடிக்கிறோம். பழம் பிழியும் கருவிக்கும் ரொட்டி அடுப்புக்கும் அவ்வாறு தமக்கென வினை அமையவில்லை. அவை வீட்டில் பெயரளவில் இருப்பதுபோல மொழியிலும் பெயராகவே நிற்கின்றன.

உலக்கைக்குப் பாட்டும் இருந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இடம்பெறுவதை மாணவர் அறிவர். கூடி இடித்தமையால் கூடிப் பாடினர். தனியே ஓடும் பொறியின் ஓசையில் எவரும் பாடுவதில்லை. ஒரு கருவி நம் வாழ்வில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அளக்க, அது தந்த வினைகளையும் பாட்டுகளையும் எண்ணிப் பார்ப்பது ஒரு வழி.

பள்ளிகளுக்கு ஒரு பணி

ரந்தாவ் வட்டாரத்தின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு நிர்வாக ஏடுகள் கிடைக்கலாம். அவற்றில் ஏக்கரும் விளைச்சலும் கூலியும் இருக்கும். அடுக்களை இராது. ஒரு குடும்பம் எதை விரும்பிற்று, எதற்குக் கடன்பட்டது, எதற்காகக் காத்திருந்தது என்பதை அறியத் தவணை அட்டைகளும் பற்றுச்சீட்டுகளும் பயன்படாத பொருள்களுமே சான்று. வீடு மாறும்போது முதலில் எறியப்படுபவையும் அவையே.

ஆகவே, ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம். வீட்டில் ஓராண்டாக எடுக்கப்படாத ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கச் செய்க. அது எந்த ஆண்டில், எவ்வாறு பணம் கட்டி வாங்கப்பட்டது; அன்று வீட்டில் மின்சாரம் எத்தனை மணி நேரம் இருந்தது; யார் பயன்படுத்துவார் என்று வாங்கப்பட்டது; அவருக்கு அன்று என்ன வேலை இருந்தது என்னும் நான்கு வினாக்களைப் பாட்டியிடமும் தாயிடமும் கேட்டு எழுதச் செய்க. அவர்கள் பேசும் சொற்களை அவ்வாறே எழுதுதல் வேண்டும். பெரட்டு என்றால் பெரட்டு, லயம் என்றால் லயம். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் எழுதினால் முப்பது வீடுகளின் வரலாறு கிடைக்கும். தோட்டத்தின் ஏடுகள் சொல்லாத செய்தியை அம்முப்பது தாள்கள் சொல்லும். பெட்டியைப் பிரிக்கும் முன் அதன் மேல் ஒட்டிய கடைச்சீட்டைக் கிழித்துவிடாமல் படித்துக்கொள்ளுமாறும் அவர்களிடம் கூறுக.